இணையக் கடைக்குச் சரக்கைப் படம் பிடித்தல்

சேலைக் கடைக்கு வரும் ஒரு தாய்மாரைக் கவனித்துப் பாருங்கள். விற்பனையாளர் விரித்துக் காட்டும் சேலை மனத்திற்குப் பிடித்துவிட்டால், அவர் உடனே விலை கேட்பதில்லை. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்கிறார். முந்தானையை இரு விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். பிறகு கரையைப் புரட்டி, உட்புறம் எவ்வாறு இருக்கின்றது என்று நோக்குகிறார். இம்மூன்றும் முடிந்த பின்னரே விலைப் பேச்சுத் தொடங்குகின்றது.

இணையக் கடையில் இம்மூன்றிற்கும் இடமில்லை. வாங்குகிறவர் எங்கோ ஓர் ஊரில் கைப்பேசியின் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் நம் சரக்குக்கும் நடுவில் இருப்பது புகைப்படம் ஒன்றுதான். ஆகவே, அவர் கடைக்கு வந்திருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ அவற்றையெல்லாம் அவருக்குப் பதிலாகப் படம் செய்து முடிக்க வேண்டும். படம் அழகாக இருப்பது இரண்டாவது காரியம். படத்தில் கண்டதும் பார்சலில் வந்ததும் ஒன்றாக இருப்பதே முதற் காரியம்.

துணியை நேரில் காட்டாமல் துணியைப் பற்றித் தெரிவிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1866ஆம் ஆண்டில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர் லண்டனில் இந்தியத் துணி மாதிரிகளின் தொகுதிகளைத் தயாரித்தார். மொத்தம் 18 தொகுதிகள், 700 மாதிரிகள். அக்காலத்தில் புகைப்படக் கலை தோன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அவர் நம்பியது படத்தை அன்று. அசல் துணியையே வெட்டி ஒட்டினார். இங்கிலாந்தின் ஆலைக்காரர்கள் நம் மக்களின் விருப்பத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற துணிகளை நெய்து இங்கே அனுப்ப வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். நம் நெசவாளருக்கு அதனால் நன்மை விளைந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும், துணியின் நிறத்தையும் தொடு உணர்வையும் துணியேதான் சொல்லும் என்று அவர் கண்டுகொண்டது உண்மையே. நாம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வெட்டி அனுப்ப இயலாது. படத்தைக் கொண்டே காரியத்தை முடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் தவறினால் நேரும் நஷ்டத்தை இதை எழுதுபவர் கண்ணாரக் கண்டதுண்டு. ஒரு சங்கத்தில் தீபாவளிக்கென்று வாடாமல்லி நிறத்தில் பட்டுச் சேலைகள் நெய்து முடித்தார்கள். அவற்றை இரவில், கிடங்கின் குழல் விளக்கின் கீழ் வைத்து, அவசரம் அவசரமாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். படத்தில் சேலை ஏறக்குறைய நீலமாகத் தெரிந்தது. நீலம் வேண்டியவர்கள் வாங்கினார்கள். வாடாமல்லி வேண்டியவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்சலைப் பிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். போகவர இரண்டு முறை அனுப்புகூலி சங்கத்தின் தலையில் விழுந்தது. சேலைகள் மடிப்புக் கலைந்து திரும்பி வந்து சேர்ந்தபோது தீபாவளியும் கடந்துவிட்டது. முதல் முடங்கியதால் அடுத்த பாவுக்கு நூல் கொடுக்கத் தாமதமாயிற்று. தறிகள் சில நாட்கள் சும்மா நின்றன. நெய்தவர்களிடம் ஒரு குற்றமும் இல்லை. சாயமிட்டவரிடமும் இல்லை. குற்றம் வெளிச்சத்தில் இருந்தது.

எனவே வெளிச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

படம் பிடிப்பதற்கு விலையுயர்ந்த காமிரா வேண்டியதில்லை. இப்பொழுது பெரும்பாலோர் கையில் இருக்கும் கைப்பேசியே போதும். லென்ஸை மட்டும் சுத்தமான மெல்லிய துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பையிலும் மடியிலும் கிடக்கும் கைப்பேசியின் லென்ஸில் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும்; படத்தில் அது மூடுபனிபோல் காணும். இதைச் செய்யாமல் காமிராவைக் குறை சொல்பவர்களே அதிகம்.

வெயில் நேராக விழாத ஜன்னலோரமே படம் பிடிக்க ஏற்ற இடம். நேர் வெயிலில் துணியை விரித்தால் வெளிச்சம் பட்ட பக்கம் வெளிறியும், மடிப்புகளின் உட்புறம் கறுத்தும் போகும். மேல்நாட்டு நூல்கள் வடக்குப் பார்த்த ஜன்னலைப் பயன்படுத்தும்படி கூறும். அது அவர்கள் நாட்டுக்குச் சரி. நம் ஊர்களில் சித்திரை முதல் ஆடி வரை சூரியன் வடபுறம் சாய்ந்து செல்வதால், அம்மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். அப்போது பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலின் குறுக்கே கட்டிவிட்டால், வெயில் அதில் வடிந்து பரவலான மெல்லொளியாக உள்ளே வரும். நெசவாளர் வீட்டில் இதற்குத் தனிச் செலவு ஏது?

ஜன்னலுக்கு எதிர்ப்புறம் துணியில் நிழல் அதிகமாக விழும். அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்தினால், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலைத் தணிக்கும். சுவரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் பச்சை, நீலச் சுண்ணாம்பு பூசிய சுவர்கள் அநேகம். அச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்நிறத்தைத் துணியின் மேலும் பூசிவிடும். சந்தன நிறச் சேலை பச்சையோடிப் போனதற்குச் சுவரே காரணம் என்று கண்டுபிடிக்கச் சிலருக்கு ஒரு மாதம் பிடித்திருக்கிறது. சுவரை வெள்ளைத் துணியால் மறைத்துவிட்டால் தீர்ந்தது.

பகல் வெளிச்சத்தோடு விளக்கு வெளிச்சத்தைக் கலக்கலாகாது. ஒவ்வொரு வெளிச்சத்திற்கும் ஒரு நிறம் உண்டு. நம் கண் அதைத் தானே சரிசெய்துகொள்வதால் நமக்குத் தெரிவதில்லை; காமிராவுக்குத் தெரிகிறது. பகலின் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின் என்றும், மஞ்சள் குமிழ் விளக்கின் ஒளி 2700 கெல்வின் என்றும் அளவிடுவார்கள். இரண்டும் ஒரே சேலையின் மேல் விழுந்தால் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் போய்விடும். எந்தத் திருத்தத்தாலும் இரண்டையும் ஒருங்கே நேராக்க முடியாது. ஆகவே, ஜன்னலோரம் படம் எடுக்கும்போது அறையின் விளக்குகளை அணைத்துவிடுக.

விளக்கைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையும் உண்டு. அப்படியானால் எல்லா விளக்குகளும் ஒரே வகையாக இருக்கட்டும். எல்.ஈ.டி. விளக்கு வாங்கும்போது, சி.ஆர்.ஐ. எனப்படும் நிறங்காட்டும் எண் பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது 90க்கு மேல் இருப்பது நல்லது. 80 அளவிலுள்ள சாதாரண விளக்குகள் ஆழ்ந்த சிவப்பைச் சரியாகக் காட்டா. அரக்கு, மிளகாய்ப்பழச் சிவப்பு போன்றவை அவ்விளக்கின் கீழ் செத்துக் காணப்படும். நம் சேலைகளில் பாதி அந்த நிறங்கள்தாமே!

நிறத்தை நேராக்க எளிய முறை ஒன்று உண்டு. படத் தொடரின் முதல் படத்தில் துணியின் அருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுங்கள். நீலமேறிய பளபளப்புத் தாள் வேண்டா. சாதாரணத் தாள் போதும். வெள்ளை இன்னதென்று காமிராவுக்கு அறிவிக்கும் வசதி கைப்பேசியில் இருந்தால், அத்தாளைக் கொண்டு அதை நிலைநிறுத்திக்கொள்ளலாம். இல்லையெனில், பிற்பாடு திருத்தும்போது தாள் வெள்ளையாகும் வரை நிறத்தைச் சரிசெய்து, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் செய்யலாம். அதன்பின் சேலையை வாசலுக்கு எடுத்துச் சென்று, கைப்பேசியை அதன் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இது மிக முக்கியம். படம் எடுத்தவரைத் தவிர வேறொருவர் ஒப்பிடுவது இன்னும் சிறந்தது; சாயமிடுபவர் வந்து பார்ப்பாரானால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இத்தனை செய்தாலும் வாங்குகிறவரின் திரை நம் திரைபோல் இராது. ஆதலால் நிறத்தைச் சொல்லாலும் எழுதிவிட வேண்டும். வெறும் பச்சை என்றால் பத்துப் பச்சை உண்டு. கிளிப்பச்சை, மாந்துளிர், மயில்கழுத்து, கத்தரிப்பூ, வாடாமல்லி என்று நம் முன்னோர் வைத்த பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாங்குகிறவரின் கண்முன் ஒரு பொருளைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. எந்தத் திரையும் அதைக் கெடுக்க முடியாது.

மற்றொன்று: ஒரு சாயப்பாட்டின் படத்தை அடுத்த சாயப்பாட்டிற்குப் பயன்படுத்தக் கூடாது. சாயமிடுபவர் ஒருவரேயானாலும், நீரும் சூடும் சற்று மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும் என்பதை நான் நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய படமே இருக்கட்டும் என்று சோம்பியிருந்து, பிறகு புகாருக்குப் பதில் எழுதுவதைவிட, புதிதாக ஐந்து நிமிடம் செலவிடுவது லாபம்.

இனி, வெள்ளைத் துணியின் சங்கதி. நல்ல வெண்மையான வேட்டியைத் திரை நிறையப் படம் பிடித்துப் பார்த்தால், அது சாம்பல் பூத்ததுபோல் தெரியும். வேட்டியிலும் பழுதில்லை, காமிராவிலும் பழுதில்லை. எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று காமிராவுக்குத் திட்டமாகத் தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்திற்குக் கொண்டுவரும்படியே அதன் அளவுகோல் அமைந்திருக்கிறது. ஆகவே வெள்ளையைக் கண்டால் குறைக்கும். கறுப்பைக் கண்டால் கூட்டி வெளிறச் செய்யும். பெரும்பாலான கைப்பேசிகளில் திரையின்மேல் துணி உள்ள இடத்தைத் தொட்டால் சிறு சூரியக் குறி தோன்றும். வேட்டிக்கு அதை மேலே நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டுக. கறுப்புக் கண்டாங்கிக்குக் கீழே நகர்த்திக் குறைக்க. அழுத்தமான சிவப்புக்கும் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும். இல்லாவிடில் புட்டாவும் நெசவும் மறைந்து, சிவப்பு மை கொட்டினாற்போல் ஒரே பரப்பாகிவிடும்.

ஜரிகைக்கு ஃபிளாஷ் விளக்கு பகை. நேராக அடிக்கும் ஒளி ஜரிகையில் பட்டுக் கண்ணாடிபோல் வெள்ளைத் திட்டாக மின்னும்; பொன்னிறம் காணாது. பக்கவாட்டிலிருந்து வரும் பரவலான ஜன்னல் வெளிச்சத்தில் ஜரிகை தன் நிறத்தைக் காட்டும்.

பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் இட்டு நெய்த இருநிறப் பட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மயில்கழுத்துச் சேலையை ஒரு கோணத்தில் பார்த்தால் நீலம், திருப்பினால் பச்சை. ஒரே படத்தைப் போட்டால், எந்தக் கோணத்தில் எடுத்தோமோ அந்த நிறமே சேலையின் நிறம் என்று வாங்குகிறவர் கொள்வார். அதனால் இரண்டு கோணங்களில் இரண்டு படங்களாவது வேண்டும். ஒருவர் சேலையைக் கையில் பிடித்து மெல்ல அசைக்கும் சில விநாடிச் சலனப்படம் இருந்தால், இரண்டு படங்களைவிட அது நன்றாகச் சொல்லும்.

வாசலில் நிறம் பார்த்த தாய்மார் அடுத்தாற்போல் விரலால் தேய்த்துப் பார்த்தாரல்லவா? அதற்கு ஈடு, அருகிலிருந்து எடுக்கும் படம். இதற்கு வெளிச்சம் துணியின் மேற்பரப்பை உரசிக்கொண்டு பக்கத்திலிருந்து வரவேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு இழையின் பக்கத்திலும் சிறு நிழல் விழுந்து நெசவு புடைத்துத் தெரியும். பவானி ஜமக்காளத்தின் தடித்த நூலும், பத்தமடைப் பாயின் நுண்ணிய கோரையும் இந்த வெளிச்சத்தில்தான் தம் வேறுபாட்டைக் காட்டும். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் இரண்டும் காகிதம்போல் தட்டையாகிவிடும். விரல்களால் திரையைப் பெருக்கி எடுக்க வேண்டா. அது படத்தை உதிரச் செய்யும். கைப்பேசியையே அருகே கொண்டுசெல்லுங்கள்.

கட்டம் போட்ட லுங்கி, நெருங்கிய கோடுள்ள சட்டைத் துணி இவற்றைப் படம் பிடிக்கும்போது, துணியில் இல்லாத அலைகள் படத்தில் நெளிவதைக் காணலாம். இரண்டு மல் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நகர்த்தினால் நீரலைபோல் ஒரு தோற்றம் வருமே, அதே விஷயந்தான். துணியின் இழை வரிசையும் காமிராவினுள் உள்ள நுண்புள்ளிகளின் வரிசையும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தோ, கோணத்தைச் சிறிது மாற்றியோ எடுத்தால் போய்விடும்.

முழுத் துணியின் படத்தை மிக நெருங்கி நின்று எடுத்தால், கைப்பேசியின் அகன்ற பார்வையால் ஓரங்கள் விரிந்து கரை கோணலாகும். நேராக நெய்த கரையைக் கோணலாகக் காட்டுவது நெய்தவருக்குச் செய்யும் அநீதி. நான்கடி பின்னே சென்று, இருமடங்கு லென்ஸ் இருந்தால் அதைக் கொண்டு, துணியின் நடுமட்டத்திற்குக் கைப்பேசியைப் பிடித்து எடுக்க வேண்டும்.

புரட்டிப் பார்ப்பதற்கு ஈடாக உட்புறத்தின் படம். இதை வெளியிடுபவர்கள் மிகச் சிலரே. அதுவே நமக்குச் சாதகம். கோர்வை போட்டு நெய்த சேலையானால், உடலும் கரையும் சேரும் இடத்தை உள்ளும் புறமும் நெருங்கி எடுத்துக் காட்டுங்கள். நாடாவை மாற்றி மாற்றிக் கோத்த வேலை அங்கேதான் இருக்கிறது. விலைக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. துணியின் ஓரத்தில், அகலத்தை விறைப்பாக நிறுத்தும் கோலின் ஊசிகள் பதிந்த சிறு துளைகள் இருந்தால் அவற்றையும் காட்டிவிடுக. அறியாதவர் அவற்றைக் கிழிசல் என்று நினைப்பதுண்டு. இழை தடித்த இடமோ, ஊடை தவறிய இடமோ இருந்தால், அதையும் ஒரு படமாகச் சேர்த்து, அதற்கேற்ப விலையைக் குறைத்துப் போடலாம். குற்றத்தை முன்னதாகக் காட்டி விற்ற துணி அக்குற்றத்தைச் சொல்லித் திரும்பி வருவதில்லை. கைத்தறி முத்திரைச் சீட்டு உள்ள சரக்கானால் அதன் படமும் சேரட்டும்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இரண்டு வார்த்தை. தேன், எண்ணெய் முதலிய தெளிந்த பொருள்களுக்கு வெளிச்சம் புட்டியின் பின்புறமிருந்து வரவேண்டும். அரிசியையும் எள்ளையும் மூட்டையோடு காட்டாமல், ஒரு பிடி எடுத்து மாறுபட்ட நிறத் துணியில் பரப்பிக் காட்டுக. வெல்லம், நாட்டுச் சர்க்கரையின் படத்தை வெளிறச் செய்வது மிகவும் தவறு. ரசாயனம் சேர்த்து வெளுக்காத வெல்லம் கருமை கலந்த பழுப்பாகவே இருக்கும். நம் சரக்கின் நயமே அந்தக் கருமைதான். மஞ்சள் கிழங்கை உடைத்து உட்புற நிறத்தைக் காட்ட மறவாதீர்கள். பை, கூடை, பாய் எதுவாயினும் அளவுகோலையோ ஒரு மனிதரின் கையையோ அருகில் வைத்து ஒரு படம் வேண்டும். எண்ணில் எழுதிய அளவைப் படிப்பவர் குறைவு.

இக்காலத்தில் படத்தை அழகு செய்யும் கருவிகள் கைப்பேசியிலேயே நிறைந்துள்ளன. வெளிச்சத்தையும் வெண்மையையும் நேராக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் வடிகட்டிகள் எதுவும் வேண்டா. பின்புறத்தைத் தானே நீக்கும் கருவி முந்தானைக் குஞ்சத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். சேலையின் படத்தைக் கொடுத்தால், அதை உடுத்திய பெண்ணின் உருவத்தைத் தானே வரைந்து தரும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் உற்று நோக்குங்கள்: புட்டாக்களின் எண்ணிக்கை மாறியிருக்கும்; கரையின் மயில் வேறு பறவையாகியிருக்கும். நம் தறியில் நெய்யாத சேலையை விற்பதாக நாம் அறிவித்துவிடுகிறோம். உடுத்திய தோற்றம் வேண்டுமானால் சங்கத்து உறுப்பினர் ஒருவரே உடுத்தட்டும். அவருடைய சம்மதத்தையும், தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைப் படம் பிடித்தால் அவருடைய சம்மதத்தையும், முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இதையே வற்புறுத்துகின்றது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைகள் இல்லாத சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விற்பனையாளர் மறுக்க முடியாது. படமும் விளம்பரமே.

சங்கத்தில் இவ்வேலையை ஒருவரிடம் நிலையாக ஒப்படைப்பது நன்று. பலர் கை பட்டால் ஒரே சேலை பல நிறமாகும். இடத்தையும் நேரத்தையும் மாற்ற வேண்டா. தறியிலிருந்து சரக்கு இறங்க இறங்க, மடிப்புப் போடுமுன்பே படம் எடுத்துவிட வேண்டும். தீபாவளிச் சரக்கை ஐப்பசி வரை வைத்திருந்தால், அடைமழையில் வெளிச்சத்தைத் தேடி அலைய நேரிடும். இருப்புப் பதிவேட்டில் சேலைக்கு இட்ட எண்ணையே படத்திற்கும் பெயராக இடுக. திருத்தாத மூலப்படத்தை, சரக்குத் திரும்பி வருவதற்கான கெடு முடியும் வரை அழிக்காமல் வைத்திருங்கள். ஒரு சேலை திரும்பி வந்தால், அதை மீண்டும் அதே ஜன்னலோரம் விரித்து, மூலப்படத்தோடும் வெளியிட்ட படத்தோடும் ஒப்பிட்டு, என்ன காரணம் என்று பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக எழுதிவையுங்கள்.